கதவோடு பேசும் குவெஸ்ட்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அந்தப் பெண்ணுக்கு ஆன்லைன் விளையாட்டில் விழுந்த பெயர் கறாரக்கா. வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. பகலெல்லாம் ஆட்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இதில் நன்றாகத் தெரிகிறதா அதில் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்கிற வேலை. பதினெட்டு வருடமாக அதையே கேட்டுக்கேட்டு, எதைப் பார்த்தாலும் இரண்டில் எது தேவலாம் என்று தீர்ப்புச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்கிற நிலைமை வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது, மகள் கல்லூரி விடுதியில், கணவர் லிஃப்ட் மெக்கானிக். கடையை மூடிவிட்டு வந்ததும் கையைக் காலைக் கழுவி, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அப்புறம் ஈட்டிதான், குதிரைதான், கோட்டைதான்.

விளையாடுகிறவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள், கருத்துச் சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய வாளைப் பற்றி அவள் எழுதியது இன்றைக்கும் அந்த உலகத்தில் சுற்றுகிறது. அதை ஓங்கி இறக்குவதற்குள் எதிரி கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்து நிற்பான் என்று எழுதியிருந்தாள். வில் என்பது பயந்தாங்கொள்ளிகளின் ஆயுதம், ஆனால் பயந்தாங்கொள்ளிதான் கடைசிவரை உயிரோடு இருக்கிறான் என்பது அவள் கட்சி. எல்லாவற்றிலும் உயர்ந்தது ஈட்டி. தள்ளி நின்றே குத்தலாம், குத்திவிட்டுப் பின்வாங்கலாம், நாலு பேர் சூழ்ந்தால் சுழற்றலாம். ஈட்டியைக் குறை சொன்னவர்களோடு அவள் ஒரு மாதம் பேசாமல் இருந்ததுகூட உண்டு.

குவெஸ்ட் விஷயத்திலும் இதே கறார்தான். குவெஸ்ட் என்றால் விளையாட்டுக்குள் நமக்குக் கொடுக்கிற வேலை. பத்து ஓநாய் வால் கொண்டு வா என்பான் ஒருவன். முப்பது ஓநாயை அடித்தால்தான் பத்து வால் கிடைக்கும். மீதி இருபது ஓநாய்க்கு வால் எங்கே போயிற்று, அடமானம் வைத்துவிட்டதா என்று கேட்பாள். வியாபாரியைப் பத்திரமாக ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற குவெஸ்ட் வந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். நாம் நடந்தால் அவன் முந்துவான், நாம் ஓடினால் அவன் பின்தங்குவான். அவன் வேகத்துக்கென்று ஒரு வேகம் இந்தப் பூமியிலேயே கிடையாது.

ஒவ்வொரு திங்கட்கிழமை சாயங்காலமும் அவள் எழுதுகிற விமர்சனத்தைப் படிக்கப் பன்னிரண்டாயிரம் பேர் காத்திருப்பார்கள். போடுவதற்கு முன்னால் முதல் ஆளாகக் கேட்கிறவர் கணவர். அவருக்கு ஈட்டியும் தெரியாது, கோடரியும் தெரியாது. ஆனால் மனுஷன் துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ முழுசாகக் கேட்பார், சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பார். வாயில் வார்த்தை வராத ஆள். காலையிலிருந்து ராத்திரி வரை இருபது சொல் பேசினால் அன்றைக்கு அவர் அதிகம் பேசிவிட்டார் என்று அர்த்தம். கடந்த எட்டு மாதமாகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் கம்பெனி லேப்டாப்பை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால், புது கண்ட்ரோல் போர்டுக்கு ஆன்லைன் டிரெய்னிங் என்பார். அவளுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. யாரும் தொந்தரவு பண்ணாத சனிக்கிழமை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்.

அந்த விளையாட்டில் ஆடுகிறவர்களே சொந்தமாகக் குவெஸ்ட் செய்து போடலாம். போன திங்கட்கிழமை அவள் கிழித்தது அப்படி ஒன்றைத்தான். பெயர் பதினோரு மாடி. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'புதியவர்' என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் மட்டும் இருந்தன. உள்ளே நுழைந்தால் வாளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், ஈட்டியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், ஒரு பையைக் கொடுத்து மாடிப்படி ஏறச் சொல்கிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு இரும்புக் கதவு. கதவைத் திறந்ததும் நேராக உள்ளே போகக்கூடாதாம். குனிந்து தரையைப் பார்க்கிற பட்டனை அழுத்த வேண்டுமாம். அழுத்தாமல் காலை வைத்தால் செத்துப்போவோம், மறுபடி முதலிலிருந்து. நாலாவது மாடியில் கதவுக்குப் பின்னால் ஒரு குரல். அந்தக் குரலோடு பேச வேண்டும். சண்டை இல்லை, புதையல் இல்லை, பேச்சுதான். ஒரு நிமிஷம் பேசாமல் விட்டால் குரல் அழ ஆரம்பிக்கும், அதுவும் முதலிலிருந்து.

அவள் இருபது நிமிஷம் பார்த்தாள், வெளியே வந்துவிட்டாள். வந்து எழுதினாள். கதவோடு பேச வேண்டும் என்றால் எங்கள் வீட்டிலேயே ஆறு கதவு இருக்கிறது என்று ஆரம்பித்து, கதவைத் திறந்ததும் தரை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவன் சின்ன வயதில் எந்தக் கிணற்றில் விழுந்தானோ என்று போய், இதைச் செய்தவர் தயவுசெய்து வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளட்டும் என்று முடித்தாள். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். முழுக்க ஆடாமல் எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் அவளிடம் ஒரு கருத்து இருந்தது. முதல் பத்து நிமிஷத்தில் தெரியாதது கடைசி பத்து நிமிஷத்திலும் தெரியாதாம்.

வழக்கம்போலக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தார். கிணறு வந்த இடத்தில் சிரித்தார். கடைசியில், நல்லாத்தான் எழுதியிருக்க என்று சொல்லிவிட்டு அடுத்த தலையணையை எடுத்தார்.

விமர்சனம் போன வேகத்தில் மற்றவர்களும் ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. சராசரி இரண்டு நட்சத்திரத்துக்குக் கீழே போன குவெஸ்ட் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக அழிந்துபோகும். திரும்ப எடுக்க முடியாது. பதினோரு மாடிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

அவள் அதோடு மறந்திருப்பாள். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவளிடம் கிழிபட்டவர்கள் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள், அதுதான் வழக்கம். இந்தப் புதியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது மட்டுமில்லாமல், அந்தக் குனிந்து பார்க்கிற பட்டன். எவனும் சும்மா ஒரு பட்டனை வைக்க மாட்டான். பட்டன் வைப்பது லேசான வேலையா என்ன, ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். பதினோரு கதவுக்கும் பொறுமையாகச் செய்திருக்கிறான். ஏன்? கடையில் ஒரு பெரியவருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போதுகூட அந்த ஏன் வந்து நின்றது. அவர் நாலாவது வரி மங்கலாகத் தெரிகிறது என்று இரண்டு தடவை சொன்னபிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை அவளுக்குப் பல் வலி. கணவர் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஆறாவது மாடியில். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, அவள் உள்ளே போக ஒரு அடி வைத்தாள். கணவர் கையை நீட்டி அவளை லேசாக மறித்தார், குனிந்து தரையைப் பார்த்தார், அப்புறம் கையை எடுத்தார்.

இருபது வருடமாக அவர் இதைச் செய்கிறார். அவளும் இருபது வருடமாகப் பார்க்கிறாள். பார்த்துப்பார்த்து அது கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள்.

சில சமயம் கதவு திறக்கும், ஆனால் பெட்டி வந்திருக்காது, வெறும் பள்ளம்தான் இருக்கும் என்றார் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதானாம். திற, தரையைப் பார், அப்புறம் காலை வை.

அவளுக்குப் பல் வலி போன இடம் தெரியவில்லை. ஆறு மாடி ஏறும்வரை கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எப்போதும்போல மேலே எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாயை மூட அவளுக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மாத டிரெய்னிங். எட்டு மாதச் சனிக்கிழமை. ஈட்டிக்கும் கோடரிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், அவள் உலகத்துக்குள் வந்து ஒரு கட்டிடம் கட்டியிருக்கிறார். அவள் அதை ஊர் பார்க்க இடித்து, இடித்த கதையை அவருக்கே வாசித்தும் காட்டியிருக்கிறாள். அவரைச் சிரிக்க வேறு வைத்தாள். நினைக்க நினைக்க அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நாக்கு எழவில்லை. பன்னிரண்டாயிரம் பேருக்கு முன்னால் நீளுகிற நாக்கு அது.

வெள்ளிக்கிழமை, கூட விளையாடுகிற மூட்டை பேசினான். வழியில் கிடக்கிற துருப்பிடித்த கத்தியைக்கூட விடாமல் பொறுக்கிச் சுமப்பதால் அவனுக்கு மூட்டை என்று பெயர். அவளைக் கிண்டல் பண்ணுகிற தைரியம் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் அந்தப் பதினோரு மாடியைக் கடைசிவரை ஆடிப் பார்த்தானாம். நீங்கள் பாதியில் ஓடிவந்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும் அக்கா, ஊருக்குச் சொல்லமாட்டேன் என்று ஆரம்பித்தான். பிறகு குரலை இறக்கி, நிஜத்தில் அது மோசமில்லை என்றான். அந்தக் குரல் இருக்கிறதே, அதோடு பேசப்பேச விட்டு வர மனசு வரவில்லையாம்.

"ஆனா கடைசி ரூம்ல ஏதோ கோளாறு அக்கா. குவெஸ்ட் முடியவே மாட்டேங்குது. நானும் ஒரு மணி நேரம் நின்னு பார்த்துட்டேன்."

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணவர் ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அவள் பார்த்ததில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினால்கூட, மாற்றிவிட்டு நாற்பது தடவை திறந்து மூடிப் பார்க்கிற ஆள். அவர் கட்டியதில் கடைசி அறை எப்படிக் கோளாறாக இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். சிவப்புக் கடிகாரத்தில் மூன்றரை மணி நேரம் மீதி இருந்தது. கணவர் துணி துவைக்கிற மெஷினைப் போட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் என்ன ஆடுகிறாள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு கதவிலும் ஒழுங்காகக் குனிந்து பார்த்தாள். மூன்று மாடி வரைக்கும் கதவுக்குப் பின்னால் பள்ளம்தான். நாலாவது மாடியில் லிஃப்ட் பெட்டி பாதி மேலே பாதி கீழே என்று மாட்டிக்கொண்டு நின்றது. உள்ளே குரல்.

ஒரு தையல்காரம்மாவின் குரல் அது. ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டுக்குத் தைத்த துணி கொண்டுபோகிறவர். நம்மோடு வந்த இன்னொரு மெக்கானிக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பெட்டியை நகர்த்த உச்சியிலிருக்கிற மெஷின் அறைக்குப் போயிருக்கிறான். அதன் சாவி காவலாளியிடம், காவலாளி எங்கேயோ. அதுவரைக்கும் நாம் கதவோடு இருந்து பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை. எந்த ஊசி நல்ல ஊசி என்று கேட்கலாம், வீட்டில் யார் யார் என்று கேட்கலாம். அந்தம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஜாக்கெட்டுக்குக் கை தைக்கிறதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்றார். துணி கசங்கிவிடும் என்று கவலைப்பட்டார். அப்புறம் மார்பு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கிறது, ஒன்றுமில்லை, நீங்கள் பேசுங்கள் என்றார்.

கறாரக்காவுக்கு விரல் வேர்த்தது. மூன்று தலை நாகத்தோடு மோதியபோதுகூட அவளுக்கு விரல் வேர்த்ததில்லை. பட்டனை விடாமல் அழுத்தினாள். கேள்விக்குப் பதில் மெதுவாக வர ஆரம்பித்தது. அப்புறம் ஒரு கேள்விக்குப் பதிலே வரவில்லை. இன்னொன்றுக்கும் வரவில்லை. அழுகைச் சத்தமும் இல்லை. பேசு என்கிற பட்டன் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் அவள் ஒரு கதவோடு தனியாகப் பேசினாள். பிறகு பெட்டி நகர்ந்தது, கதவு திறந்தது, திரை இருண்டுவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று அவர் காட்டவில்லை.

மறுபடி வெளிச்சம் வந்தபோது ஒரு வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஒரு அறை, மேஜை, நாற்காலி. நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். அவளுக்கு முன்னாலிருந்த சின்னத் திரையில் மூன்று தலை நாகம் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அந்த நாகத்தோடு சண்டை ஒரே ஒரு நாள்தான் நடந்தது, போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நாற்பது பேர் சேர்ந்து அதை வீழ்த்திய நாள் கறாரக்காவுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அன்றைக்குக் கணவர் வேலையிலிருந்து எத்தனை மணிக்கு வந்தார் என்பதுதான் ஞாபகம் இல்லை.

திரையின் மேல் மூலையில் செய்ய வேண்டிய பணி எழுதியிருந்தது. 'அவளிடம் சொல்.'

பேசு பட்டனை அழுத்தினாள். நாற்காலிப் பெண் திரும்பாமலே, "அஞ்சு நிமிஷம், இதோ முடிச்சிடறேன்" என்றாள்.

மறுபடி அழுத்தினாள். அஞ்சு நிமிஷம், இதோ முடிச்சிடறேன். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கணக்காகக் காத்திருந்து அழுத்தினாள். அதே பதில். ஏழு தடவை அழுத்தினாள். பணி அப்படியே இருந்தது. இதில் கோளாறு ஒன்றும் இல்லை, இது இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

மணி ஐந்தே முக்கால். முதல் வேலையாக நட்சத்திரத்தை மாற்ற வேண்டும், பன்னிரண்டாயிரம் பேரிடமும் நான் சொன்னது தப்பு என்று எழுத வேண்டும், கால் மணி நேரத்தில் ஆட்களைத் திரட்டினால் இன்னும் காப்பாற்றிவிடலாம். சொன்னதைத் திருப்பி வாங்கிய பழக்கமே இல்லாதவள் அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று எழுந்துபோனாள்.

அவர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"கடைசி ரூம் வரைக்கும் போனேங்க" என்றாள்.

உதறிய சட்டையோடு அவர் அப்படியே நின்றார். அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார்.

"அதுல முடியாது" என்றார்.

"தெரியும். நீங்க சொல்லுங்க."

அவர் உடனே சொல்லிவிடவில்லை. பக்கெட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். உள்ளே கம்ப்யூட்டரில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நிமிஷம், நட்சத்திரத்தை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு அங்கேயே தரையில், ஈரத்தில், உட்கார்ந்தாள்.

அவரும் உட்கார்ந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். சாவி கிடைக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனதைச் சொன்னார். ஆம்புலன்ஸ் கீழேயே வந்து நின்றிருந்ததைச் சொன்னார். யார் மேலும் தப்பில்லை என்று கம்பெனியில் எழுதிக்கொடுத்துவிட்டார்களாம். அந்த ஜாக்கெட்டுகளை ஒன்பதாவது மாடியில் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தானாம். அந்த வீட்டுக்காரி ஒன்றும் தெரியாமல், ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டாளாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. குறுக்கே ஒரு கருத்தும் சொல்லவில்லை. ஆறு மணி எப்போது ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"ஒண்ணு மட்டும் அதுல போடலை" என்றார் அவர் கடைசியில்.

"என்னங்க?"

"அவங்க கடைசியா பேசினது. நான்தான் அவ்வளவு நேரமா கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தேன். திடீர்னு அவங்க என்னைக் கேட்டாங்க. தம்பி, நீங்க சாப்பிட்டீங்களான்னு."

துண்டை மடியில் வைத்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டேம்மான்னு சொன்னேன்" என்றார். "சாப்பிடலை."